வெறுங்கடையும் வெண்கலச் சிலையும்

மேலைநாட்டுக் கலைவரலாறு எழுதுவோர் பெரும்பாலும் காட்சிச்சாலைகளையும் செல்வர் மாளிகைகளையுமே தம் களமாகக் கொள்வர். கடைத்தெருவை அவர்கள் நோக்குதல் அரிது. எனினும், நியூயோர்க் நகரின் தென் பிறொங்ஸ் பகுதியில் வெறுமையாய்க் கிடந்த கடையொன்றில் 1978 ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சி, கலை யாருக்கு உரியது என்னும் பழைய வினாவைப் புதிதாய் எழுப்பிற்று.

அக்காலத் தென் பிறொங்ஸின் நிலை இரங்கத்தக்கது. பெருந்தெரு அமைத்தற்பொருட்டுக் குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றுட் பல தீக்கிரையாயின. காப்புறுதிப் பணம் கருதி உரிமையாளரே மூட்டிய தீயும் அவற்றுள் உண்டு. 1970 இல் ஏறத்தாழ 14,70,000 ஆக இருந்த பிறொங்ஸ் மக்கட்டொகை 1980 இல் ஏறத்தாழ 11,70,000 ஆகக் குறைந்தது. வாங்குவோர் அகன்ற தெருவிற் கடைகள் பூட்டிக் கிடந்ததில் வியப்பில்லை.

இத்தகைய கடையொன்றிலேதான் ஸ்ரெபான் ஐன்ஸ் என்பார் ‘பாஷன் மோடா’ என்னும் கலையகத்தைத் திறந்தார். ஆங்கிலம், சீனம், ஸ்பானியம், உருசியம் ஆகிய நான்கு மொழிகளில் அதன் பெயர் எழுதப்பட்டது. அங்கே 1979 இல் வந்து சேர்ந்தவர் ஜோன் அஹேர்ண் என்னும் சிற்பி. அவர் தெருவிற் செல்வோரையே அழைத்து, மூக்கில் மூச்சுக்குழல் செருகி, பல்வைத்தியர் பல்லச்செடுக்கும் பசையை முகத்திற் பூசி, அவ்வச்சிற் பரிசுச்சாந்து வார்த்து வண்ணந் தீட்டினார். இவ்வினை யாவரும் காண நடந்தது. வேடிக்கை பார்க்க வந்தோர் தாமும் அச்செடுக்க அமர்ந்தனர். அவர்களுள் ஒருவனே றிகொபேட்டோ தொறஸ் என்னும் போட்டோ றிக்கோ நாட்டு இளைஞன். அவனுடைய மாமன் சமயச் சிலைகள் வார்க்கும் தொழிற்சாலை நடத்தியவர். ஆதலின் அவன் அத்தொழிலை முன்னரே அறிந்திருந்தான். விரைவில் அவன் அஹேர்ணின் கூட்டாளியானான். வார்த்த முகங்களுள் ஒரு படி சிற்பியிடம் இருக்க, மற்றொன்று முகத்துக்குரியவர் வீட்டுச் சுவரை அடைந்தது. அவ்வழக்கமே இம்முயற்சியின் உயிர்நிலை எனலாம்.

பின்னர் நிகழ்ந்தது வேறு. பொதுக்கட்டடச் செலவில் நூற்றிலொரு பங்கைக் கலைக்கு ஒதுக்கும் நகரச் சட்டத்தின்கீழ், புதிய பொலிஸ் நிலையமொன்றின் முன்றிலுக்குச் சிலைகள் செய்யும் பணி 1986 இல் அஹேர்ணுக்குக் கிடைத்தது. தம் அயலவர் மூவரை அவர் வெண்கலத்தில் வார்த்தார்: நாயோடு இருக்கும் ஓர் ஆடவன், உருளைச் சப்பாத்து அணிந்த சிறுமி, பந்தும் வானொலிப்பெட்டியும் உடைய மற்றோர் ஆடவன். 1991 செப்ரெம்பரிற் சிலைகள் நிறுவப்பட்டன. உடனே அயலவர் சிலரும் நகர அலுவலர் சிலரும் வெகுண்டனர். தம் இனத்தை இழிவுசெய்யும் உருவங்கள் இவை என்றனர். ஐந்தாம் நாள் சிற்பியே அவற்றை அகற்றிவிட்டார்.

சிற்பி வெள்ளையர் என்பதே இதற்குக் காரணம் எனக் கூறுவாருளர். அது முழு விடையாகாது. கடையில் முகங்களை வார்த்தவரும் அவரே அன்றோ? மாறியது இடமாம். கடையில் ஒருவன் தன் முகத்தைத் தானே விரும்பிக் கொடுத்தான். அது அவன் முகமாகவே நின்றது. பொலிஸ் நிலைய வாயிலிலோ அம்முகம் ஓர் ஊரின் முகமாயிற்று. ஊராரின் முகமாக நிற்கும் உரிமையை அவனுக்கு ஊரார் வழங்கினாரல்லர். நாயோடு இருக்கும் இளைஞன் தன் தெருவில் அயலான்; அவ்வாயிலில் அவன் குற்றவாளிபோலத் தோற்றியிருத்தல் கூடும்.

பாஷன் மோடா 1993 இல் மூடப்பட்டது. வெண்கலச் சிலைகள் பிற்காலத்திற் குவீன்ஸ் பகுதியிலுள்ள சோக்கிரற்றீஸ் சிற்பப் பூங்காவைச் சேர்ந்தன. கயிறடித்து விளையாடும் சிறுமியரைக் காட்டுவதாய் 1981-82 இல் அஹேர்ணும் தொறஸும் ஒரு குடியிருப்பின் வெளிச்சுவரில் அமைத்த உருவங்களோ அத்தெருவோரின் எதிர்ப்பின்றி நிலைத்தன.