தாள்கள் நான்கு, பட்டியல் ஒன்று

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். அப்படியான குடும்பங்களின் விபரங்களைத் தொகுக்கும் வேலையில் நானும் இருந்தேன்.

கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி ஆகிய பிரதேச செயலர் பிரிவுகளுக்கு எக்செலில் தனித்தனித் தாள்கள். மொத்தத்தை முதல் தாளில் கையால் பதிந்தேன். ஒருநாள் பூநகரித் தாய் ஒருவர் தந்த பெயர் தாளில் ஏறியது, மொத்தத்தில் ஏறவில்லை. அவருடைய பிள்ளை எங்கள் கணக்கிலும் காணாமல் போயிருந்தது.

அதன்பின் 'இன்டிரெக்ட்' சூத்திரத்துக்கு மாறினேன். ஒவ்வொரு தாளிலும் பெயர்களை ஏ4 கலத்திலிருந்து கீழே பதியுங்கள். பி1 கலத்தில் =கவுன்ட்ஏ(ஏ4:ஏ1000) என இடுங்கள்; பெயருள்ள கலங்களை அது எண்ணும். முதல் தாளில் ஏ2 முதல் ஏ5 வரை பிரிவுகளின் பெயர்களை எழுதி, பி2 கலத்தில் இதை இடுங்கள்:

=இன்டிரெக்ட்("'"&ஏ2&"'!பி1")

சூத்திரங்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சிட வேண்டும். பி5 வரை இழுத்தால் நான்கு தாள்களின் எண்ணிக்கையும் வரும். தாளொன்றில் பெயர் சேர்ந்தால் இங்கும் தானாகக் கூடும். கூகுள் ஷீட்ஸிலும் இதே முறைதான்.

கவனிக்க வேண்டியவை: கலத்திலுள்ள பெயரும் தாளின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசியில் ஓர் இடைவெளி கூடினாலும் 'ரெஃப்' எனப் பிழை காட்டும். பி1க்கு மேலே புதிய வரி செருகாதீர்கள். சூத்திரம் பழைய இடத்தையே பார்க்கும். வேறொரு கோப்பிலிருந்து எடுப்பதானால், எக்செலில் அந்தக் கோப்பும் திறந்திருக்க வேண்டும்.

மாதமொருமுறை கையெழுத்துப் படிவங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிய மறந்த பெயரை எந்தச் சூத்திரமும் தேடித் தராது.