பெரியப்பாவின் டபுள் கிளட்ச்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் சிமென்ட் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். 'டர்ர்ர்...' என்று இறங்கி, ஒரு விநாடி மூச்சை அடக்கி, 'ர்ரூம்' என்று ஓர் உறுமல். அப்புறம்தான் கியர் விழும். அந்த ரூட்டில் முப்பது வருஷம் லாரி ஓட்டிய என் பெரியப்பா அதை 'டபுள் கிளட்ச்' என்பார். கிளட்சை மிதி, நியூட்ரலுக்குத் தள்ளு, காலை எடு, ஆக்ஸிலேட்டரில் ஒரு தட்டு, மறுபடி கிளட்ச், இப்போ கீழ் கியர். பழைய கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் ஒத்த வேகத்தில் சுற்றினால்தான் ஒன்றோடொன்று சேரும். இல்லையென்றால் 'கர்ர்ர்'தான்!

1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் 'சிங்க்ரோமெஷ்' வந்தது. வேகத்தைச் சமப்படுத்தும் வேலையை கியர்பாக்ஸே பார்த்துக்கொண்டது. கார்க்காரர்கள் பிழைத்தார்கள். லாரிக்காரர்களுக்கு அந்த யோகம் வர ரொம்ப நாளாச்சு.

ரேஸ் டிரைவருக்கு வேறு தலைவலி. வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபடியே கியரையும் குறைக்கணும். இன்ஜின் வேகத்தை ஏற்றாமல் கிளட்சை விட்டால் பின்சக்கரங்கள் பிடித்துக்கொண்டு கார் பம்பரமாகச் சுற்றும். அதனால் வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில், அதே பாதத்தின் பின்பகுதி ஆக்ஸிலேட்டரில். பழைய சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் விட்ட மெட்ராஸ்காரர்கள் இந்தக் கால்வித்தை தெரியாமல் ஒப்பேற்றியிருக்க முடியாது.

1989 பிரேசில் கிராண்ட் பிரீயில் ஃபெராரி அதற்கும் ஒரு முடிவு கட்டியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகள்; விரலால் தட்டினால் கியர் மாறும். வண்டி பாதியில் நின்றுவிடும் என்று நினைத்த நைஜல் மான்செல், சீக்கிரம் கிளம்பும் விமானத்தில் டிக்கெட் போட்டு வைத்திருந்தாராம். கடைசியில் ஜெயித்ததே அவர்தான்!

சரி, வீடியோ கேமுக்கு வருவோம். 1974-லேயே அட்டாரியின் 'கிரான் டிராக் 10' பெட்டியில் ஸ்டியரிங், பெடல், கியர் கம்பி எல்லாம் இருந்தன. 1982-ல் வந்த 'போல் பொஸிஷ'னில் இரண்டே கியர்: லோ, ஹை. 1998-ல் 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்' 1967-ம் வருஷத்துப் பந்தயக் கார்களை அவற்றின் முரட்டுத்தனத்தோடு கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவ் கேமர்தான் 2008-ல் வந்த 'ஐரேஸிங்'குக்கும் காரணகர்த்தா. அது முழுக்க இணையத்தில் ஓடும் பந்தயம்.

அங்கேதான் முதல் வளைவு வில்லனாகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 55 மீட்டர். தகவல் வந்துசேர பத்தில் ஒரு விநாடி தாமதமானால் ஐந்தரை மீட்டர், அதாவது ஒரு முழுக் காரின் நீளம்! திரையில் பக்கத்தில் தெரிகிற கார், 'இந்நேரம் இங்கே இருக்கும்' என்று கம்ப்யூட்டர் போட்ட உத்தேசக் கணக்கு. போதாததற்கு டயர் சூடேறியிருக்காது. முன்னால் போகிறவர் கூட்டத்தைப் பார்த்து சீக்கிரமே பிரேக் போடுவார். பின்னால் வருகிறவரோ தனியாக ஓட்டிப் பழகிய இடத்தில்தான் போடுவார். டமால்!

நிஜப் பந்தயத்திலும் இது உண்டு. 1998-ல் பெல்ஜியத்தின் ஸ்பா மைதானத்தில், கொட்டுகிற மழையில் முதல் வளைவைத் தாண்டியதுமே 13 கார்கள் குவிந்தன. 2012-ல் அதே வளைவில் மற்றவர்களை இடித்த குரோஷானுக்கு ஒரு பந்தயத் தடை. ஐரேஸிங் இதைவிடக் கறார். கார்கள் மோதினால் தப்பு யாருடையது என்றே பார்க்காது. இரண்டு பேர் கணக்கிலும் எழுதிவிடும். பி.காம். படித்த எனக்கு இதுதான் நெருடல். ஒரே மோதல், இரண்டு பற்று, வரவே கிடையாதா?

பெரம்பலூரில் பெரியப்பாவின் பேரன் இந்தக் கணக்கில் மாட்டித் தவித்துக்கொண்டிருந்தான். "அவன்தான் இடிச்சான் தாத்தா!"

பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வளைவுக்குள்ள போயி கியரை மாத்துறியேடா. நேர் ரோட்டுலயே முடிச்சுக்கணும். முன்னாடி போறவன் விழுவான்னு நினைச்சுக்கிட்டே போ."

அரியலூர்ப் பக்கம் ஒரு திருப்பத்தில், அவர் கண்ணெதிரே முன்னால் போன லாரி லோடோடு கவிழ்ந்தது. கிளீனர் பையன் பிழைக்கவில்லை. இதை அவர் எங்களிடம் இரண்டு தடவைதான் சொல்லியிருக்கிறார்.

அடுத்த பந்தயத்தில் பேரன் பதினெட்டாவதாகக் கிளம்பினான். முதல் வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே கியரைக் குறைத்தான். எதிரே ஏழெட்டு கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஓரமாக நழுவி வெளியே வந்தான்.

"தாத்தா, ஒன்பதாவது இடம்!"

பெரியப்பா திரையில் கிடந்த குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பசங்களுக்கு ஒண்ணும் ஆகலையேடா?"