ஆவியழுத்தம்

முல்லைப் பெரியாற்று நீர் தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியே மலையைக் கடந்து, போர்பே அணையில் தேங்கி, ராட்சதக் குழாய்களில் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. 1895-இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாற்று அணை பாசனத்துக்கானது. அதே நீரில் மின்சாரம் எடுப்பது 1950களின் இறுதியில்தான் தொடங்கியது. நீர்மின் நிலையத்தில் தண்ணீருக்கு அடுப்பு கிடையாது. ஆனாலும் டர்பைனுக்குள் அது கொதிக்கக்கூடும்.

காரணம் ஆவியழுத்தம். திரவத்தின் பரப்பிலிருந்து மூலக்கூறுகள் ஓயாமல் வெளியேறுகின்றன. மூடிய கலத்தில் அவற்றில் பல திரும்பியும் விழுகின்றன. போக்கும் வரவும் சமமானதும் ஆவி தரும் அழுத்தமே இது. தண்ணீருக்கு 30 டிகிரி செல்சியஸில் 4.2 கிலோபாஸ்கல், 100 டிகிரியில் 101.3. வெளியழுத்தத்தை இது எட்டினால் திரவத்துக்குள்ளேயே குமிழ் பிறக்கும், அதுதான் கொதிப்பு. லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறிக் குமுளி போனால் காற்றழுத்தம் குறைகிறது. உலைநீர் சுமார் ஒன்றரை டிகிரி முன்பே கொதித்துவிடும், அரிசி வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

1660-இல் ராபர்ட் பாயில், காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் கலத்துக்குள் வெதுவெதுப்பான நீர் கொதிப்பதைக் கண்டு எழுதினார். ஆவியழுத்தத்தை அளந்தவர் ஜான் டால்டன். பாதரசக் குழாயின் வெற்றிடத்தில் சிறிது நீரை விட்டு, வெவ்வேறு வெப்பநிலைகளில் பாதரசம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, 1801-இல் முடிவுகளை மான்செஸ்டரில் வாசித்தார். அவருடைய அணுக்கொள்கையின் புகழில் மங்கிப்போன அரிய உழைப்பு இது. பிரான்ஸின் ரென்யோ பின்னர் அதைத் துல்லியமாக்கினார்.

பொறியாளர்களுக்கு ஆவியழுத்தத்தின் ஆபத்தை உணர்த்தியது ஒரு கப்பல். சார்லஸ் பார்சன்ஸின் 'டர்பினியா' 1894-இல் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. உந்துவிசிறி அதிவேகமாகச் சுழன்றதில் அழுத்தம் சரிந்து, கடல்நீரே ஆவியாகி விசிறியைச் சூழ்ந்துகொண்டது. விசிறிகளைப் பெருக்கி ஒவ்வொன்றின் சுமையைக் குறைத்த பிறகே 1897-இல் அது 34 நாட் வேகத்தைத் தொட்டது. இத்தகைய குமிழ் நொறுங்கும் கணத்தில் அழுத்தம் எவ்வளவு எகிறும் என்பதை 1917-இல் இயற்பியலாளர் ரேலே கணக்கிட்டார்.

இந்நிகழ்வைக் கேவிடேஷன் என்கிறார்கள். நீர்மின் நிலையங்களிலும் இதுவே நடக்கிறது. பாய்ச்சல் கூடும் இடத்தில் அழுத்தம் ஆவியழுத்தத்துக்குக் கீழே போகிறது. பிறந்த குமிழ்கள் அழுத்தம் மிகுந்த இடத்துக்கு வந்ததும் இரும்பின்மேல் நொறுங்குகின்றன. டர்பைனின் சுழலும் சக்கரமான ரன்னரின் தேய்ந்த இதழில் விரல் வைத்தால் கடற்பஞ்சு போலப் பொத்தல் பொத்தலாகத் தட்டுப்படும். அதைத் துருப்பிடிக்காத எஃகால் வெல்டிங் செய்து, இழைத்துச் சமப்படுத்துகிறார்கள். இந்தத் தேய்மானத்தைத் தவிர்க்கவே பிரான்சிஸ் வகை டர்பைன்களைப் பல நிலையங்களில் வெளியேறும் நீர்மட்டத்துக்கும் கீழே பொருத்துகிறார்கள்.