பேரை வெட்டினதும் துரை, கூப்பிட்டதும் துரை

றப்பர் மரத்துக்கு ஒரு குணம் இருக்கு. ஒரு வருசம் பால் வெட்டாம விட்டாலும் அது கெட்டுப்போகாது. பட்டை ஆறிக் கிடக்கும். மறுபடி கத்தி படும்போது முன்னைவிடக் கூடவே பால் தரும். தேயிலை அப்படி இல்லை. சில வாரம் கொழுந்து எடுக்காம விட்டா முத்திப்போகும், வருசக்கணக்கில் விட்டா செடி மரமாகிவிடும். கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களின் வரலாற்றை வாசிக்கும்போது இந்த வித்தியாசத்தை மனசில வச்சுக்கணும். தேயிலை விலை விழுந்தாலும் கொழுந்து எடுக்க ஆள் வேணும். எட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ றப்பர் விலை விழுந்தா, துரை மரத்தை நிறுத்தலாம், ஆளையும் நிறுத்தலாம். மரம் காத்திருக்கும்.

ஆள் எங்கே காத்திருப்பது?

இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 1929 தொடக்கத்தில். தாழ்நாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். அதே வருசக் கடைசியில் உலகப் பொருளாதார நெருக்கடி. கார் விற்கவில்லை, டயர் விற்கவில்லை, றப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. சப்பரகமுவையில் பல தோட்டங்கள் பால் வெட்டை நிறுத்தின. 1931க்கும் 1933க்கும் இடையில் கூலி திரும்பத் திரும்பக் குறைக்கப்பட்டது. வேலை போனவர்களையும், குறைந்த கூலிக்கு நிற்க மாட்டோம் என்றவர்களையும் அரசாங்கச் செலவில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் ரயில். இலவசப் பயணம் என்று கேட்கும்போது ஏதோ சலுகை மாதிரி இருக்கும். ஆனா லயக் காம்பரா தோட்டத்துடையது. வேலை போனா வீடும் போச்சு. அந்த நிலையில் ‘போறியா, நிக்கிறியா’ன்னு கேட்பதில் என்ன தெரிவு இருக்கு?

ஊரில் என்ன இருந்தது? திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே சொந்த நிலம் கிடையாது. நெருக்கடி அங்கேயும்தான். நெல் விலை விழுந்து, கூலி வேலையே அரிதாகிக் கிடந்த காலம்.

1934 ஜூன் 1ஆம் திகதி சர்வதேச றப்பர் கட்டுப்பாட்டு உடன்படிக்கை அமுலுக்கு வந்தது. ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று ஒதுக்கீடு வைத்து விலையைத் தூக்கி நிறுத்தும் ஏற்பாடு அது. விலை ஏறியது, மரத்தில் மறுபடி கத்தி வைத்தார்கள், ஆள் தேவைப்பட்டது. மண்டபம் முகாம் வழியாக மறுபடியும் வரிசை. புதிதாக வந்தவர்களோடு, முன்பு இங்கே வேலை செய்து திரும்பிப் போயிருந்தவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். தோட்டத்துக்கும் இது வசதிதான். பால் வெட்டு ஒரே நாளில் கற்கிற வேலை இல்லை. பட்டையைச் சீவ வேண்டும், உள்ளே மரத்தைக் காயப்படுத்தக் கூடாது. பழகின கை வேண்டும். ஆனா திரும்பி வந்த பழகின கைக்குக் கிடைத்தது நெருக்கடிக்கு முந்தின கூலி இல்லை, வெட்டிக் குறைத்த கூலி. இன்னொன்று, வந்த நேரம். அந்த வருசம் ஒக்டோபரில்தான் மலேரியா பெருந்தொற்று தொடங்கியது. நாட்டிலேயே அதிகமாக அடிபட்ட மாவட்டம் கேகாலை.

வேலை இழப்பும் திரும்பி வருவதும் உலகம் பூராவும் நடக்கிற கதைதானே என்று கேட்கலாம். டெட்ரொயிட்டிலும் நடந்தது. ஆனா டெட்ரொயிட் தொழிலாளியைப் பார்த்து ‘நீ நடுவில் இரண்டு வருசம் தொழிற்சாலையில் இல்லை, அதனால் நீ இந்த நாட்டு ஆளே இல்லை’ன்னு யாரும் சொல்லவில்லை. இங்கே சொன்னார்கள்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமை கொண்டுவந்தபோது, தோட்டத் தமிழருக்கு மட்டும் நிரந்தர வதிவை நிரூபி என்ற நிபந்தனை வந்தது. ‘இவங்க வந்து போறவங்க’ என்பதுதான் சிங்களத் தலைவர்களின் வாதம். வந்ததும் போனதும் உண்மைதான். யார் அனுப்பினார்கள், யார் கூப்பிட்டார்கள் என்பது மட்டும் அந்த வாதத்தில் இல்லை. லண்டன் சந்தையில் றப்பர் விலை ஏறி இறங்கினதை, ஒரு சமூகத்தின் விசுவாசக் குறைவாக மாற்றி எழுதிவிட்டார்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே அதிகம் கோபம் வருகிற இடம் இதுதான்.

கதை அதோடு நிற்கவில்லை. 1938இன் இரண்டாம் பாதியில் றப்பர் ஒதுக்கீடு 45 வீதத்துக்கு இறங்கியது. அடுத்த வருசம் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை நீக்கத் தொடங்க, பதிலடியாக இந்தியா 1939 ஓகஸ்ட் 1 முதல் இலங்கைக்குக் கூலி வேலைக்குப் போவதைத் தடை செய்தது. அந்த நேரம் ஊரில் இருந்தவர் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

பிறகு 1948 பிரஜாவுரிமைச் சட்டம். அதற்கு அடுத்த வருசம் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் தொடர்ச்சியாக 7 வருசமும் மணமாகாதவர் 10 வருசமும் இங்கே இருந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தா தொடர்ச்சி முறிந்தது. இருந்ததை எப்படி நிரூபிப்பது? செக்ரோல் தோட்டத்துக் கந்தோரில், அதாவது பேரை வெட்டினவர் கையில். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

இன்றைய சட்டம் எவ்வளவோ மேல் என்பதை ஒத்துக்கொள்ளணும். 1971இன் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில், முந்தின 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை, அவர் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. 1983 பணிக்கொடைச் சட்டம் 5 வருசம் முடித்த நாட்கூலிக்காரருக்கு ஒரு வருசத்துக்கு 14 நாள் கூலி தரச் சொல்கிறது.

ஆனா எண்ணிக்கை என்ற அந்த விசயம் இன்னும் அப்படியே இருக்கு. சேமலாப நிதியும் பணிக்கொடையும் எடுத்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, லயத்தை விட்டு எங்கேயும் போகவில்லை. மலையில் ஆள் பற்றாக்குறை, வீட்டில் காசு பற்றாக்குறை. கொஞ்ச நாளில் அதே மலைக்கு கைக்காசுக்குப் போகிறார். முப்பது வருசம் அவர் கை தொட்ட அதே செடி, எடைபோடுவதும் அதே ஆள். 2021இல் நாட்கூலி 1000 ரூபா ஆன பிறகு பரவலான அவுட்குரோவர் முறையில் இது இன்னும் சுத்தமாக நடக்கிறது. குடும்பத்துக்கு ஒரு துண்டு மலையைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு. தொழிலாளி என்ற பேர் போய்விடுகிறது. அதோடு 180 நாளும், 14 நாளும், சேமலாப நிதியும். காலையில் பெரட்டுக் களத்துக்குப் போக வேண்டியதில்லை, லயத்திலிருந்து நேரே மலைக்கு ஏறலாம். கொழுந்து மட்டும் பழையபடி அதே தோட்டத்து லொறியில்தான் போகுது.