நிப்பாவும் நம் உடலின் சாவியும்

நோய்க்குப் பிழையான பெயரிடுவோமாயின், அதற்குச் செய்யும் பரிகாரமும் பிழையாகவே முடியும். இவ்வுண்மையை மலேசியா தன் மக்களின் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்றது.

1998-ம் ஆண்டின் பிற்பகுதியில், பேராக் மாநிலத்துப் பன்றிப் பண்ணைகளில் உழைத்தோர் கடுங்காய்ச்சலும் மயக்கமும் கண்டு மாண்டனர். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலே இஃதென்று அதிகாரிகள் கருதினர், கொசுப்புகை அடித்தனர், தடுப்பூசி குத்தினர். நோயோ அடங்கவில்லை. விற்கப்பட்ட பன்றிகளுடன் அது தெற்கே நெகிரி செம்பிலானுக்கும் சென்றது. ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இங்கு வீழ்ந்தவரோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆடவர். பன்றிகளும் இருமி நோயுற்றன. கண்முன் நின்ற இச்சான்றுகளைவிட முன்பே கொண்ட முடிவு பெரிதாகப் போயிற்று.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரிலிருந்து புதியதொரு வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரை அது பெற்றது. அக்கொள்ளைநோயில் மலேசியாவில் ஏறத்தாழ 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மடிந்தனர். சிங்கப்பூரில் பன்றி அறுப்புக் கூடத் தொழிலாளருள் 11 பேர் நோய்வாய்ப்பட, ஒருவர் இறந்தார். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன; பண்ணைக் குடும்பங்கள் பல பிழைப்பிழந்தன.

இவ்வைரஸின் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால். வௌவாலிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதனுக்கும் அது தாவியது எங்ஙனம்? 2005-ல் விடை கிடைத்தது. நம் இரத்தக்குழாய்ச் சுவரிலும் நரம்பிலும் உள்ள உயிரணுக்களின்மேல் ‘எஃப்ரின்-பி2’ என்னும் புரதம் துருத்தி நிற்கிறது. வைரஸ் பற்றும் ஏற்பி அதுவே.

வைரஸைச் சாவியென்றும் உடலைப் பூட்டென்றும் கூறுவது வழக்கம். இங்கோ நிலைமை மாறியிருக்கிறது. எஃப்ரினின் வளைவொன்று சாவியின் பல்லைப்போல் நீண்டு, வைரஸின் மேற்புரதத்திலுள்ள குழியில் பொருந்துகிறது. அப்பல்லின் முனையில் லூசின், டிரிப்டோபான் என்னும் இரண்டு அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து உள்ளன. உடன்பிறப்பான எஃப்ரின்-பி1-ல் அவ்விடத்தில் வேறிரண்டு இருப்பதால் வைரஸ் அதைப் பற்றுவதில்லை. 2006-ல் ஆராய்ச்சியாளர் அவ்விரண்டையும் நீக்கி, லூசினையும் டிரிப்டோபானையும் அமைத்தபொழுது, அதுவும் வைரஸுக்கு வழிவிட்டது. இத்துணை பெரிய அழிவு இத்துணை சிறிய அமைப்பைச் சார்ந்து நின்றது!

அப்புரதம் நோய்க்கென உண்டானதன்று. கருவில் இரத்தக்குழாயும் நரம்பும் ஒழுங்குற அமைய உதவுவது. இன்றியமையாத அக்கருவியை இயற்கை எளிதில் மாற்றுவதில்லை. ஆகவேதான் வௌவால், பன்றி, மனிதன் ஆகிய மூவரிடத்தும் அது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. மனிதன் தனிப்பிறவி என்னும் செருக்கை வைரஸ் அறியாது. தொழுவத்தில் நோய் தோன்றுமாயின் அது வீட்டு வாயிலிலும் நிற்கிறதென்று உணர்ந்து, கொண்ட முடிவைச் சான்றுக்கு முன் திருத்திக் கொள்வதே, மாண்ட தொழிலாளருக்கு நாம் செலுத்தும் கடனாகும்.