நாபோத்தின் திராட்சைத் தோட்டமும் நமது பால்மரத் தோட்டங்களும்



ஈப்போ நகரின் சிலிபின் பகுதியில் லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. தோட்டப்புறங்களிலும் நகரிலும் உழைத்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வழிபட்டு வரும் ஆலயம் அது. அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்பில் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்வார்கள். பிறர் உடைமைமீது ஆசை வைக்கலாகாது என்பதே கடைசியில் வரும் கட்டளை.

லயத்தில் ஓர் அறையில் குடியிருந்து, நாட்கூலிக்குப் பால் வெட்டியவர்களும் இக்கட்டளையைக் கேட்டார்கள். அவர்கள் ஆசைப்பட என்ன இருந்தது? பக்கத்து வீட்டுக்காரனிடமும் அதே ஓர் அறைதானே! அப்படியானால் இக்கட்டளை யாரை நோக்கிச் சொல்லப்பட்டது? இதனை வரலாற்றின் துணைகொண்டு இன்று நாம் ஆராய்வோம்.

நாம் பொருளாசை என்று சொல்வதைப் புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கம் 'கூடுதலாகக் கொள்ளுதல்' என்ற பொருளுடைய சொல்லால் குறிக்கிறது. ஒருவன் தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டால் இன்னொருவனுடைய பங்கு குறைகிறது. ஆகவே, பேராசை மனத்துக்குள் எழும் ஓர் எண்ணத்தோடு நின்றுவிடுவதில்லை. அயலான் வீட்டு அடுப்புவரைக்கும் அது போய்ச் சேருகிறது.

இதற்குப் பழைய ஏற்பாட்டில் தெளிவான சான்று ஒன்று உண்டு. கிறிஸ்துவுக்கு முன் 9-ஆம் நூற்றாண்டில் இஸ்ரயேல் நாட்டை ஆண்டவன் ஆகாபு. அவனுடைய அரண்மனையை அடுத்து நாபோத்து என்பவனின் திராட்சைத் தோட்டம் இருந்தது. அதைக் கீரைத் தோட்டமாக்கிக்கொள்ள விரும்பிய அரசன், வேறு நல்ல தோட்டம் தருவதாகவும், இல்லையேல் பணமே தருவதாகவும் சொன்னான். பாட்டன் பூட்டன் விட்டுச் சென்ற நிலத்தைத் தர நாபோத்து இசையவில்லை. பின்னர் அரசி பொய்ச்சாட்சிகளை ஏற்பாடு செய்தாள். நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டான். நிலம் அரசனுடையதாயிற்று. தீர்க்கதரிசி எலியா அத்தோட்டத்திற்கே சென்று அரசனைக் கண்டித்தார். இந்தக் கொடுமை மரியாதையான விலைப்பேச்சில்தான் தொடங்கியது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கி.பி. 374-இல் இத்தாலியின் மிலான் நகருக்கு ஆயரான அம்புரோஸ் இந்த வரலாற்றை வைத்து ஒரு நூலே எழுதினார். நாபோத்து எப்போதோ ஒருமுறை இறந்தவன் அல்லன், ஏழையின் நிலம் பறிபோகும் ஒவ்வொரு நாளும் அவன் இறக்கிறான் என்பது அவர் காட்டிய கருத்து. செல்வன் ஏழைக்குக் கொடுப்பதைத் தானம் என்று கொள்ளாமல், ஏழைக்கு உரியதைத் திருப்பித் தருவதாகவே அவர் கொண்டார். போரில் சிறைப்பட்டோரை மீட்க ஆலயத்தின் பொற்பாத்திரங்களையே உருக்கி விற்றவர் அவர்.

எரிகோ நகரின் வரி வசூலிப்பவனான சகேயுவின் கதையும் இதையே உணர்த்துகிறது. இயேசுவை வீட்டில் வரவேற்ற அவன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்க முன்வந்தான். அத்தோடு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். முன்னது இரக்கம், பின்னது நீதி. தமிழ் வேதாகமத்தில் நீதிமான் என்ற சொல் பக்தியுள்ளவனைக் குறிக்கிறது. நம் வழக்கிலோ நீதி என்றால் நீதிமன்றமும் நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒரே சொல்லில் அமைந்தது பொருத்தமே. கூலிக்காரனின் கணக்கைச் சரியாகத் தீர்க்காதவனை நீதிமான் என்று எப்படி அழைப்பது?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1910-இல் ரப்பர் விலை இறாத்தலுக்கு 12 ஷில்லிங்குக்கும் மேல் ஏறியது. மலாயாவைக் கண்ணால் கண்டிராதவர்களும் லண்டனில் தோட்டப் பங்குகளை வாங்கக் குவிந்தனர். காடுகள் அழிந்து தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியாகத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் கப்பலேறினர். விலை ஏறியபோது இலாபம் கடல் கடந்தது. விலை விழுந்தபோது நட்டம் லயத்துக்கு வந்தது. 1932-இல் இறாத்தல் ரப்பர் 2 பென்சுக்கும் கீழே இறங்கியது. ஒரு நாளைக்கு 50 காசாக இருந்த ஆண் கூலி 40 காசாகி, பிறகு அதற்கும் கீழே போயிற்று. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

நாபோத்தின் கதையை இன்னும் நெருக்கமாக நினைவூட்டுவது 1950-களில் வந்த தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்க முற்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி இலாபத்துக்கு விற்றனர். சில ஏக்கர் வாங்கியவருக்கு நூறு குடும்பங்கள் தேவையில்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஆகவே வேலை போன அன்றே வீடும் போயிற்று. மரங்களை வளர்த்த கைகளுக்கு அம்மண்ணில் ஒரு பிடியும் உரிமை இல்லை.

இங்கே பொய்ச்சாட்சி இல்லை, கல்லெறியும் இல்லை. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால், சட்டத்தைக் கடைப்பிடிப்போரின் நீதியைவிட மேலான நீதி வேண்டும் என்பது மலைப்பொழிவின் போதனை. பத்திரம் செல்லுமா என்று சட்டம் கேட்கும். அந்தப் பத்திரத்தால் யார் தெருவுக்கு வந்தார்கள் என்று நீதி கேட்கும்.

இக்கேள்விக்கு விடை தேடியவர் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த வீ. தி. சம்பந்தன். அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த அவர், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றக் காரணமானார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் உறுப்பினர்களைச் சேர்த்தார். 1961-இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பால் வெட்டியவர்களின் சேமிப்பே அவர்களைத் தோட்டத்தின் பங்காளிகளாக்கியது.

சம்பந்தன் கிறிஸ்தவர் அல்லர். சங்கமும் எந்தச் சமயத்தையும் சார்ந்ததன்று. எனினும், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியவன் வேற்றினத்துச் சமாரியன் என்று இயேசு சொன்ன உவமையை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. நீதியைச் செய்பவன் எவனோ அவனே அயலான்.

செல்வமே பாவம் என்று வேதம் சொல்லவில்லை என்பதும் இதனால் விளங்கும். அரசனின் கீரைத் தோட்ட ஆசையும் தொழிலாளியின் பத்து வெள்ளியும் ஒன்றாகா. முன்னது அயலானை வெளியேற்றியது. பின்னது அயலானையும் தன்னோடு சேர்த்து நிலைநிறுத்தியது.

சங்கம் காத்தவை சில தோட்டங்களே. மற்றவற்றில் பல பின்னாளில் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. அங்கிருந்த மக்கள் நகர்ப்புறம் சேர்ந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று வீட்டு மனை வாங்குகிறார்கள், கடை நடத்துகிறார்கள், ஆள் வைத்து வேலை வாங்குகிறார்கள். நாபோத்தின் இடத்தில் இருந்த நாம் ஆகாபின் இடத்துக்கு வருவதற்கு நெடுங்காலம் ஆகாது. நம்மிடம் வேலை செய்பவரின் கூலி இன்று தீர்ந்துவிட்டதா? நாம் வாங்கும் நிலத்திலிருந்து யாரேனும் வெளியேற்றப்படுகிறார்களா? ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் ஒப்புவிக்கும் கடைசிக் கட்டளை நம்மிடம் கேட்பது இவற்றைத்தான்.