அடிக்குறிப்பும் அரங்கப் பாட்டும்: சிலப்பதிகார உரைமரபை முன்வைத்து

செவிவழியே பொருள் தருவது அரங்கப் பாட்டு; அடிக்குறிப்பு வேண்டுவது ஏட்டுக் கவிதை என்னும் பாகுபாடு கவிதைத் திறனாய்வில் பரவலாக உள்ளது. குறிப்பை நாடும் கவிதை அவைக்கு ஆகாது என்பது அதன் உட்கிடை. தமிழ் உரைவரலாறு இதற்கு மாறான சான்றுகளைத் தருகிறது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணத்தையும் அரங்கின் அளவையும் செய்யுளில் கூறுகிறது. அக்கலைகள் வழக்கிழந்தபின் அவ்வடிகளைத் திறக்கும் வாயில்களாக நின்றவை அரும்பதவுரையும் அடியார்க்குநல்லார் உரையுமே. பரதம், அகத்தியம் முதலிய தொன்னூல்கள் இறந்துபட்டமையைக் குறித்த அடியார்க்குநல்லார், இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ்நூல் ஆகிய ஐந்தையும் துணைக்கொண்டு உரை வகுத்தார். இசைப்பாக்களால் அமைந்த கானல்வரிக்கு அவருரை கிடைக்காமை, ஆய்வுலகிற்கு இன்றுவரை பேரிழப்பாகவே உள்ளது.

இவ்விரு உரைகளுடன் உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின், சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் வி.கோ.சூரியநாராயண சாஸ்திரியார், நாடகத்திற்குச் செய்யுளிலேயே இலக்கணம் வகுத்து 'நாடகவியல்' (1897) இயற்றினார். அவருடன் 1898 முதல் பணியாற்றிய மறைமலையடிகள், முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை எழுதினார். சாகுந்தலத்தைத் தமிழ் நாடகமாக்கினார். உரையாசிரியப் பணியும் நாடகப் பணியும் ஒருவரிடமே கூடியமைக்கு இது சான்று. 1911இல் கல்லூரிப் பணியை விட்ட அடிகள் பல்லாவரத்தில் குடியேறினார். கல்லூரியும் 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. இவ்வகையில் தென்சென்னைப் புறநகர் இம்மரபின் தொடர்ச்சிக்கு உரிய இடமாயிற்று.

உரைக்குறிப்பின் ஆற்றலுக்கு மற்றொரு சான்று விபுலாநந்த அடிகளின் 'யாழ்நூல்' (1947). அரங்கேற்று காதையின் யாழாசிரியன் அமைதி கூறும் பகுதிக்கு விரிவுரையாக எழுந்த அந்நூல், வழக்கிழந்த கருவிகளின் இசையைக் கணக்கிட்டு மீட்க முயன்றது.

எனவே, குறிப்பு அரங்கப் பாட்டின் குறையைக் காட்டுவதன்று. ஆடுவோரும் பாடுவோரும் மறைந்தபின் பாட்டுக்கு எஞ்சும் காப்பு அதுவே. இன்று மேடையில் நிகழ்த்தப்படும் பாட்டுகள் அச்சேறுங்கால் பெரும்பாலும் சொற்கள் மட்டுமே பதிவாகின்றன. பண், தாளம், மெய்ப்பாடு, நிகழ்ந்த சூழல் ஆகியவற்றைப் பாடலின் அடியில் குறித்துவைக்கும் பதிப்புமுறை வேண்டும். இல்லையேல், கானல்வரிக்கு நேர்ந்த இழப்பு இக்காலப் பாட்டுக்கும் நேரும்.